அம்மாவின் இடது கிட்னிக்கு இரண்டு தமனிகள்: தானம் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. எட்டு மாதமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. அம்மா கிட்னி கொடுக்க முன்வந்திருக்கிறார், வயது 54. ரத்தப் பிரிவும் மற்ற பொருத்தமும் சரியாக இருக்கின்றன. கடைசியாக எடுத்த சி.டி. ஆஞ்சியோவில் அம்மாவின் இடது கிட்னிக்கு இரண்டு தமனிகள் என்று வந்திருக்கிறது. ஒன்று 5.5 மி.மீ. இன்னொன்று அதற்கு 3 செ.மீ. கீழே கிளம்பி கிட்னியின் கீழ் முனைக்குப் போகிறது, 2.5 மி.மீ. இடது சிரை பெருந்தமனிக்குப் பின்னால் போகிறதாம். வலதில் ஒரே தமனி, சிரையின் நீளம் 2.5 செ.மீ. ஒவ்வொரு கிட்னியும் செய்யும் வேலையின் பங்கை அளக்கும் டி.டி.பி.ஏ. ஸ்கேனில் இடது 51, வலது 49 சதவீதம். கிட்னி வடிகட்டும் கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 0.7. ஆபரேஷன் செய்யும் குழு இடது கிட்னியையே எடுக்கலாம் என்கிறது. வேறொரு டாக்டர், ஒரே குழாய் உள்ள வலதை எடுப்பதுதான் நல்லது என்கிறார். சித்தப்பா, "பிறவியிலேயே கோளாறான கிட்னி, வேண்டாம்" என்கிறார். பெரியம்மாவோ, "ரெண்டு குழாய்னா பலம்தானே, சின்னதைக் கட்டிவிட்டால் போச்சு" என்கிறார். போன வருடம் எடுத்த வயிற்று ஸ்கேனில் இதெல்லாம் இல்லை. எதை நம்புவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சித்தப்பாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இது கோளாறு இல்லை. ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கச் சிறுநீரகத்துக்காவது ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் இருக்கும். சுமார் பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் அப்படி இருக்கும். ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கும்வரை அது யாருக்கும் தெரிவதில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அம்மா இத்தனை வருடம் நடந்து, உழைத்து, உங்களைப் பெற்று வளர்த்தது இந்த இரண்டு தமனிகளோடுதான்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கருவில் சிறுநீரகம் இப்போதுள்ள இடத்தில் உருவாவதில்லை. கீழே இடுப்புக்குழிக்குள் உருவாகி, ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் மேலே ஏறி வருகிறது. ஏறும்போது ஒவ்வொரு மட்டத்திலும் அங்கங்கே உள்ள பெரிய குழாயிலிருந்து ரத்தம் வாங்கிக்கொள்கிறது. மேலே புதுத் தமனி கிடைத்ததும் கீழே இருந்த பழையது சுருங்கி மறைந்துவிடும். கடைசியில் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் பெருந்தமனியிலிருந்து கிளம்பும் ஒரு தமனி மட்டும் நிலைக்கும். சிலருக்குப் பழையதில் ஒன்று மறையாமல் தங்கிவிடுகிறது. அம்மாவுக்குக் கீழ் முனைக்குப் போகும் 2.5 மி.மீ. தமனி அப்படித் தங்கியதுதான். ரிப்போர்ட்டில் 'அக்சஸரி' என்று எழுதியிருப்பார்கள். உபரி, தேவையில்லாதது என்ற தவறான எண்ணத்தை அந்தச் சொல் கொடுக்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதே இல்லை.

சிரையின் கதையும் இதே மாதிரிதான். இடது சிறுநீரகத்தின் சிரை, பெருந்தமனியைத் தாண்டி வலப்பக்கம் உள்ள கீழ்ப் பெருஞ்சிரையில் போய்ச் சேர வேண்டும். கருவில் பெருந்தமனியைச் சுற்றி ஒரு வளையம்போலச் சிரைகள் இருக்கும். வழக்கமாக முன்பக்கக் கிளை நிலைத்துப் பின்பக்கக் கிளை மறையும். அம்மாவுக்கு மாறாகப் பின்பக்கம் நிலைத்து முன்பக்கம் மறைந்திருக்கிறது. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி இருக்கும். இரண்டு கிளையும் நிலைத்து, பெருந்தமனியைக் கழுத்துப்பட்டை மாதிரிச் சுற்றிப் போவதும் உண்டு. முதுகெலும்புக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் போகும் சிரை எப்போதாவது அழுந்தி, சிறுநீரில் ரத்தம் கசியவோ இடது விலாப்பக்கம் வலிக்கவோ காரணமாகலாம். அம்மாவின் சிறுநீர்ப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் இல்லையா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இருந்தால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

போன வருட ஸ்கேன் தவறில்லை. அல்ட்ராசவுண்ட் சிறுநீரகத்தின் அளவு, கல், வீக்கம் ஆகியவற்றைக் காட்டும். குடல்காற்றுக்குப் பின்னால், பெருந்தமனியை ஒட்டிக் கிளம்பும் இரண்டரை மில்லிமீட்டர் குழாயைக் காட்டுவது அதன் வேலை இல்லை. சி.டி. ஆஞ்சியோவில் கையில் ஏற்றும் அயோடின் மருந்து தமனிகளை எட்டும் சரியான நொடிகளில், ஒரு மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுக்கிறார்கள். பிறகு சிரைகளுக்காக ஒரு முறையும், சிறுநீர்க்குழாய்களுக்காகச் சில நிமிடம் கழித்து இன்னொரு முறையும் எடுப்பார்கள். அப்படியும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான தமனி கண்ணில் படாமல் போகலாம். ஆபரேஷன் செய்பவர்கள் அந்த எதிர்பார்ப்போடுதான் உள்ளே போவார்கள்.

இனி, பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். வேறு சில வீடுகளிலும் அதே யோசனையைச் சொல்லக் கேட்கிறோம்.

இரண்டு தமனி இருந்தால் இரண்டு மடங்கு ரத்தம் வராது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்துப் போகிறது. இடது பக்கத்துக்கு உரிய பங்கு, அம்மாவுக்கு ஒரு தமனிக்குப் பதில் இரண்டு தமனிகளில் பிரிந்து போகிறது, அவ்வளவுதான். 5.5 மி.மீ. தமனி மேல்பகுதியையும் நடுப்பகுதியையும் பார்த்துக்கொள்கிறது. 2.5 மி.மீ. தமனி கீழ்ப்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது.

ஒன்றைக் கட்டினால் மற்றது ஈடுகட்டாதா? கையில், குடலில், முகத்தில் ஈடுகட்டும். சிறுநீரகத்தில் ஈடுகட்டாது. நீங்கள் தஞ்சைப் பக்கம், வாய்க்கால் பாசனம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் பக்கத்து வயலின் மடையைத் திறந்து விட்டுச் சமாளிக்கலாம். சிறுநீரகத்துக்குள் தமனி ஐந்து பகுதிகளுக்கு ஐந்து கிளையாகப் பிரிகிறது, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் அந்த மடை கிடையாது. ஒவ்வொரு கிளையும் தன் கடைமடையோடு முடிந்துவிடும். கிளையைக் கட்டினால் அது நனைத்த பகுதி செத்துப்போகும். சிறுநீரகத்தின் சிரைகள் ஒன்றோடொன்று தாராளமாக இணைந்திருக்கின்றன, அதனால் சிறிய உபரிச் சிரையைக் கட்டிவிடலாம். தமனிக்கு அந்தச் சலுகை இல்லை.

மேல் முனைக்குப் போகும் தமனி இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக, சிறுநீரகத்தில் ஒரு கட்டைவிரல் நுனி அளவுக்கு மட்டும் ரத்தம் கொடுப்பதாக இருந்தால், அதைக் கட்டிவிடுவது உண்டு. அந்த நஷ்டத்தைத் தாங்கலாம். கீழ் முனைத் தமனியை அப்படி விடவே முடியாது. காரணம், சிறுநீரகத்திலிருந்து கீழே இறங்கும் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் இந்தத் தமனி வழியாகத்தான் போகிறது. அம்மாவின் உடம்பில் அந்தக் குழாய்க்கு வழிநெடுகப் பக்கத்திலிருந்தும் ரத்தம் கிடைக்கிறது. சிறுநீரகத்தை எடுக்கும்போது குழாயையும் கீழே வெட்டி எடுக்கிறோம், பக்கத்து உதவி எல்லாம் அறுந்துவிடும். பிறகு தம்பியின் உடம்பில் அந்தக் குழாய் மேலிருந்து வரும் ரத்தத்தை மட்டும் நம்பி உயிர்வாழ வேண்டும். அந்த நேரத்தில் கீழ் முனைத் தமனியும் கட்டப்பட்டிருந்தால், சில நாட்களில் குழாயின் நுனி கறுத்து அழுகி, சிறுநீர் வயிற்றுக்குள் கசியும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மறு ஆபரேஷன் வேண்டிவரும். ஆகவே அம்மாவின் அந்த 2.5 மி.மீ. தமனி, அளவில் சின்னது என்றாலும் அதை இணைத்தே ஆக வேண்டும். குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கீழ் முனைத் தமனியை எப்படி இணைக்கப்போகிறீர்கள்?" என்பதுதான்.

இடதா வலதா என்பதில் இரண்டு டாக்டர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் படத்தைப் பார்க்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எதை எதோடு வைத்து எடைபோடுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு: இரண்டில் நல்ல சிறுநீரகம் கொடுப்பவரிடம் இருக்க வேண்டும். இரண்டின் செயல்பாட்டிலும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ ஒன்றில் கல் இருந்தாலோ, குறைவான பக்கத்தைத்தான் எடுப்பார்கள், அங்கே எத்தனை தமனி இருந்தாலும் சரி. அம்மாவுக்கு 51, 49. இது சமம் என்றே கொள்ள வேண்டும். ஆகவே முடிவு ரத்தக்குழாய்களின் அமைப்பைப் பொறுத்தது.

வலது பக்கத்தின் சிக்கல் சிரை. கீழ்ப் பெருஞ்சிரை வலப்பக்கமே இருப்பதால் வலது சிறுநீரகச் சிரை பொதுவாக இரண்டிலிருந்து நான்கு செ.மீ. நீளம்தான், சுவரும் மெலிது. இடது சிரை ஆறிலிருந்து பத்து செ.மீ. வரை இருக்கும். அம்மாவுக்கு வலதில் 2.5 செ.மீ. அதை வெட்டி மூடும் கருவி சுமார் ஒரு செ.மீ. விழுங்கிவிடும். மிஞ்சும் ஒன்றரை செ.மீ. குட்டைச் சிரையைத் தம்பியின் இடுப்பின் ஆழத்தில் உள்ள சிரையோடு தைக்க வேண்டும். இழுவை விழுந்தால் கிழியும், மடிந்தால் ரத்தம் உறைந்து சிறுநீரகமே போய்விடும். தம்பியின் இடுப்புச் சிரையைக் கிளைகளிலிருந்து விடுவித்து மேலே கொண்டுவந்து தைப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. அதில் பழகிய குழுவுக்கு வலது ஒரு தடையில்லை.

இடது பக்கத்தின் சிக்கல், இரண்டு தமனிகள். அதோடு பின்னால் போகும் சிரை. பெருந்தமனிக்குப் பின்னால் நுழைவதற்கு முன்பே சிரையை வெட்ட வேண்டும் என்பதால் வழக்கமான இடது சிரையைவிடக் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் பெரும்பாலும் வலதைவிட நீளமாகவே கிடைக்கும். இப்படிப்பட்ட சிரையில் முதுகுப்பக்கத்திலிருந்து வரும் சிரைகள் வந்து சேர்வது அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து மூட வேண்டும். ஒன்று கிழிந்தால் ரத்தம் வரும் இடம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சிரையை முன்கூட்டிப் படத்தில் பார்த்து வைத்திருக்க வேண்டும், உங்கள் குழு பார்த்து வைத்திருக்கிறது.

தமனிகள் இரண்டு என்பதற்காக மட்டும் ஒரு சிறுநீரகத்தை ஒதுக்கும் காலம் போய்விட்டது. 1995-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் முதன்முதலாகத் தானச் சிறுநீரகம் எடுத்த பிறகு, இடது சிறுநீரகத்தை எடுக்கும் பழக்கம் இன்னும் வலுவானது. அதனால் இரண்டு தமனி உள்ள இடதுகளையும் இணைத்துப் பழக வேண்டியிருந்தது. அனுபவம் உள்ள கைகளில் அந்தச் சிறுநீரகங்கள் ஒற்றைத் தமனி உள்ளவற்றுக்கு நெருக்கமாகவே நீடிக்கின்றன. சிறுநீர்க்குழாய்ச் சிக்கல் மட்டும் ஓரளவு கூடுதல். என் மனச்சாய்வைக் கேட்டால், நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளை வைத்து, குழு சொன்ன இடதையே நானும் ஏற்பேன். ஆனால் கீழ் முனைத் தமனியை இணைக்கும் திட்டம் அவர்களிடம் தெளிவாக இருக்க வேண்டும். வலதைத்தான் எடுப்பது அவர்களுக்குப் பழக்கம் என்றால், அதிலும் தவறில்லை.

அந்த இணைப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எடுத்த சிறுநீரகத்தை உடனே ஐஸ் கட்டிகள் நிறைந்த பாத்திரத்தில் வைப்பார்கள். ஒவ்வொரு தமனியின் வாயிலும் மெல்லிய குழாயைச் செருகி, 4 டிகிரிக் குளிர்ச்சியில் உள்ள பாதுகாப்புத் திரவத்தை விடுவார்கள். பழுப்புச் சிவப்பாக இருக்கும் சிறுநீரகம் கண் முன்னால் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வரும். பெரிய தமனியில் மட்டும் திரவம் விட்டால் மேல்பகுதியும் நடுப்பகுதியும் வெளுக்கும், கீழ் முனை மட்டும் ஒரு கோடு கிழித்தது போலக் கருஞ்சிவப்பாகவே நிற்கும். சின்னத் தமனியில் விட்ட பிறகுதான் அதுவும் வெளுக்கும். மடை இல்லை என்று மேலே சொன்னதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. இரண்டு தமனியிலும் விட்ட பிறகும் எங்காவது ஒரு திட்டு சிவந்தே நின்றால், சி.டி.யில் தெரியாத மூன்றாவது தமனி ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப் பிடிக்க வேண்டியது அப்போதுதான்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுக்கும்போது பெருந்தமனியின் சுவரிலிருந்தே ஒரு துண்டை, இரண்டு தமனி வாய்களோடும் சேர்த்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தைப்பது சுலபம். உயிரோடு இருக்கும் அம்மாவின் பெருந்தமனியில் கை வைக்கக் கூடாது. ஆகவே இரண்டு தனித்தனித் தமனிகள்தான் கிடைக்கும். அவற்றைச் சேர்க்கப் பல வழிகள் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் பக்கவாட்டில் கீறி ஒன்றோடொன்று தைத்து, கால்சட்டையின் இரண்டு கால்களும் இடுப்பில் சேர்வது போல ஒரே வாயாக்கலாம். அம்மாவுக்கு 5.5, 2.5 என்று அளவு வித்தியாசப்படுவதால் இது பொருந்தாது. சின்னதைப் பெரியதின் பக்கச் சுவரில் துளையிட்டுத் தைக்கலாம். தலைமுடி மாதிரியான நூலில், பூதக்கண்ணாடிக் கண்ணாடி அணிந்து செய்யும் வேலை அது. ஐஸில் வைத்தே செய்வதால் அவசரம் இல்லை, கூடுதலாக அரை மணி நேரம் ஆனாலும் சிறுநீரகம் தாங்கும். சின்னத் தமனி எட்டவில்லை என்றால் தம்பியின் இடுப்புத் தமனியில் இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தைக்கலாம்.

இன்னொரு அழகான வழியும் உண்டு. அடிவயிற்றுத் தசையின் பின்பக்கம், தொப்புளை நோக்கி ஏறும் ஒரு தமனி எல்லோருக்கும் இருக்கிறது. தம்பிக்கு இருக்கும் அதன் குறுக்களவும் கிட்டத்தட்ட அம்மாவின் சின்னத் தமனியின் அளவுதான். அதை மேலே வெட்டிக் கீழே திருப்பி, சிறுநீரகத்தின் கீழ் முனைத் தமனியோடு வாயோடு வாய் வைத்துத் தைத்துவிடலாம். பெரிய தமனியில் ரத்தம் ஓடவிட்ட பிறகு இதைச் செய்யலாம் என்பதால், சிறுநீரகத்தின் பெரும்பகுதி காத்திருக்க வேண்டியதில்லை. தம்பிக்கு 29 வயது, ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அறுபது வயதுச் சர்க்கரை நோயாளிக்கு இதே வேலை எவ்வளவு சிரமம் என்பதை நினைத்தால், இது உங்களுக்கு நல்ல செய்தி.

ரத்தத்தைத் தடுத்துப் பிடித்திருந்த கிளாம்பைத் திறந்ததும் கீழ் முனை உட்பட முழுச் சிறுநீரகமும் இளஞ்சிவப்பாகி விம்ம வேண்டும். சிறுநீர்க்குழாயின் வெட்டிய நுனியில் ரத்தம் கசிய வேண்டும். கசியாத நுனியை, கசியும் இடம் வரை வெட்டிக் குறைத்த பிறகே சிறுநீர்ப்பையில் தைப்பார்கள். உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து, சில வாரங்கள் கழித்து எடுப்பார்கள். எடுக்கும் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் ஸ்டென்டை மறந்து, கல்லும் கிருமியும் சேர்ந்த பிறகு வருபவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவின் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. மகளுக்கு அந்தப் பயம் இல்லாமல் இருக்காது. சிறுநீரகம் கொடுப்பதால் உயிருக்கு ஆபத்து என்பது பத்தாயிரம் பேரில் மூன்று பேர் அளவு. மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. அதில் தவிர்க்கக்கூடிய ஒரு காரணம் உண்டு. பெருந்தமனியின் பக்கம் மிஞ்சும் தமனியின் அடிக்கட்டையைப் பூட்டுவகைப் பிளாஸ்டிக் கிளிப் மட்டும் போட்டு மூடினால், அது மணிக்கணக்கில் கழித்துக்கூட வழுக்கிவிடலாம். இப்படிச் சில கொடையாளர்கள் இறந்த பிறகு, சிறுநீரகத் தானத்தில் தமனிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் எச்சரித்தது. சுவரை ஊடுருவிப் பிடிக்கும் ஸ்டேப்ளரோ தையலோ வேண்டும். அம்மாவுக்கு அடிக்கட்டைகள் இரண்டு. "இரண்டு தமனியையும் எதைக் கொண்டு மூடுவீர்கள்?" என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். நல்ல குழு இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, ரத்தக்கசிவு வந்தால் திறந்து செய்ய நேரிடலாம் என்பதையும் அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். அது தோல்வி இல்லை, சரியான முடிவு.

ரிப்போர்ட்டில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு வரியை நீங்கள் எழுதவில்லை: தமனிகளின் சுவர் எப்படி இருக்கிறது? எங்காவது சுருக்கம், பாசிமணி கோத்தது போல வீங்கியும் ஒடுங்கியும் இருப்பது, வாயில் கொழுப்புப் படிவு, பலூன் மாதிரி வீக்கம், இவை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பாசிமணி போன்ற தோற்றம் நடுத்தர வயதுப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் ஒரு தமனி நோய். அது உண்மையான நோய், அம்மாவிடமே தங்கப்போகும் வலது தமனியில் அது இருந்தால் தானமே வேண்டாம் என்று சொல்ல நேரிடும். இரண்டு தமனி என்பது அமைப்பு, சுருங்கிய தமனி என்பது நோய். இரண்டையும் ஒரே பெயரால் பேசுவதால்தான் வீடுகளில் இவ்வளவு பயம். அதே போல வலது தமனியின் முதல் கிளை எவ்வளவு தூரத்தில் பிரிகிறது என்பதும் தெரிய வேண்டும். கீழ்ப் பெருஞ்சிரைக்குப் பின்னாலேயே பிரிந்துவிட்டால், வெட்டும்போது ஒற்றைத் தமனி இரண்டாகத்தான் கையில் வரும். "வலதில் ஒன்றே ஒன்று" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். வலதை எடுக்கச் சொன்ன டாக்டரிடம் இந்தத் தூரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கும் இதே அமைப்பு இருக்குமா என்று தேடிப் பரிசோதிக்க வேண்டியதில்லை. இரண்டு தமனி இருப்பதற்காக யாருக்கும் மாத்திரையோ ஆபரேஷனோ கிடையாது. முக்கியமாக மூன்று இடங்களில் அந்தத் தகவலைச் சொல்லியாக வேண்டும்: பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளே ஸ்டென்ட் வைக்கும்போது, சிறுநீரகக் கட்டியை வெட்டும்போது, சிறுநீரகம் தொடங்கும் இடத்தில் சிறுநீர்க்குழாய் அடைத்து நீர் தேங்கும் நோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது. கடைசியாகச் சொன்னதில் அந்தக் கீழ் முனைத் தமனியே குழாயின் குறுக்கே போய் அழுத்திக்கொண்டிருப்பதும் உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. தம்பிக்கு முதல் இரண்டு வாரத்தில் சிறுநீர் திடீரென்று குறைந்து, டிரெய்ன் குழாயில் நீர் கூடினாலோ, தையல் இடம் ஈரமாகிக்கொண்டே இருந்தாலோ உடனே சொல்லுங்கள். அந்த நீரில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர்க் கசிவு. ஆபரேஷனுக்கு மறுநாளே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள், அதில் இரண்டு தமனியிலும் ஓட்டம் பார்த்தார்களா என்று கேளுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை, காரணமில்லாமல் ரத்த அழுத்தம் ஏறினாலோ, டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் ஏறினாலோ, தைத்த இடம் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பலூன் வைத்தே சரிசெய்துவிடலாம்.

அம்மாவின் கிரியேட்டினின் 0.7-லிருந்து 1.0 அளவுக்கு ஏறும். ஒற்றைச் சிறுநீரகத்துக்கு அது இயல்பு, அந்த எண்ணைப் பார்த்துப் பதறி மருந்து தேட வேண்டாம். சில மாதங்களில் மிஞ்சிய சிறுநீரகம் தன் வேலையைக் கூட்டிக்கொண்டு, முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிடும். வருடம் ஒரு முறை ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடக் கூடாது.

கடைசியாக ஒரு காகித வேலை. தம்பியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தப் பக்கத்துச் சிறுநீரகம், எத்தனை தமனி, எது எதோடு எந்த முறையில் தைக்கப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் கையால் வரைந்த ஒரு சின்னப் படமும் கேளுங்கள், பெரும்பாலும் போட்டுக் கொடுப்பார்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் தம்பிக்கு டாப்ளர் எடுப்பவர் ஒரு தமனியைப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடாமல், இரண்டாவதையும் தேடிப் பார்ப்பது அந்தத் தாள் கையில் இருந்தால்தான். அம்மாவின் சி.டி. படங்கள் உள்ள குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டையும் அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.